தட்டித்தான் பார்த்தேன், உள்ளே போகவில்லை

தப்பு செய்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். நல்லது செய்கிறோம் என்று நம்புகிறவர்களுக்குத்தான் அது சுத்தமாக இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் எங்கேயும் ஓடிப்போய்விடுவதில்லை. ஏதோ ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே இருந்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மொத்தமாக வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. போர்ட் கிள்ளானில், கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் பொறுப்பு. (எல்லாமே என்றால், ஏர்கோன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம்.) வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். காலையில் கொமூட்டர் ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போய், மாலையில் அதே ரயிலில் திரும்பி வருவேன். என் வாழ்க்கையில் வேறு எந்த அபாயமும் இல்லை.

எங்கள் முதலாளியின் பெயர் சிவலிங்கம். எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் தன் மெயில் பெட்டியில் குவிந்து கிடந்த விளம்பரங்களை மொத்தமாக அழிக்கும்போது, ஒரு வாடிக்கையாளரின் அவசர மெயிலையும் சேர்த்து அழித்துவிட்டார். அது உறைய வைத்த இறால் வந்த கொள்கலன் பற்றியது. அந்த இறாலுக்கு என்ன ஆயிற்று என்பதைத் துறைமுகத்தில் இருந்த எல்லோருமே மூக்கால் அறிந்துகொண்டார்கள்.

பாஸ் என்னைக் கூப்பிட்டார். "சுகன்யா, வர்ற மெயில்ல முக்கால்வாசி குப்பை லா. உடம்பு இளைக்க மாத்திரை, லாட்டரி, எவனோ ஒரு ராஜாவோட விதவை. இதுல நல்லதைத் தேடிக்கிட்டு நான் உக்காந்திருந்தா கம்பெனியை யார் பாக்கறது? ஏதாச்சும் பண்ணு."

ஏதாச்சும் பண்ணு என்று மட்டும்தான் அவர் சொன்னார். சாதாரண மனுஷியாக இருந்திருந்தால் நல்லதாக ஒரு வடிகட்டியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பேன். ஆனால் எனக்கு அப்போது உலகத்துத் தபாலையெல்லாம் காக்க வந்த அவதாரம் என்று ஒரு நினைப்பு.

நான் செய்தது இதுதான். எந்த மெயில் வந்தாலும் 'நான் இன்னாரிடமிருந்து வருகிறேன்' என்று ஒரு முகவரியைச் சொல்லும். நான் எழுதிய ஸ்கிரிப்ட் உடனே அந்த முகவரிக்குச் சொந்தமான சர்வரைத் தேடிப்போய்த் தட்டும். 'இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் உண்டா? முன்பின் தெரியாத ஒருவன் ஒரு மெயிலைக் கொடுத்தால் அதை நீங்கள் யாரோ மூன்றாம் ஆளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா?' என்று வெவ்வேறு விதமாகக் கேட்கும். கொடுப்பேன் என்று அந்த சர்வர் சொன்னால், அது குப்பை அனுப்புகிறவர்களுக்குத் திறந்து கிடக்கும் வீடு. அந்த வீட்டிலிருந்து வருவதையெல்லாம் தடுத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு ஓர் எச்சரிக்கையும் அனுப்பி வைப்பேன்.

அடுத்தவர் சர்வரை அவரைக் கேட்காமல் தட்டலாமா என்ற கேள்வி எனக்கு வராமல் இல்லை. வந்தது. நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். 'அக்கா, உங்க வீட்டுக் கதவு திறந்திருக்கு' என்று சொல்வது உதவிதானே? (பூட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஊரில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கைப்பிடியையும் பிடித்துத் திருக வேண்டியிருக்கும் என்ற இடத்தில் என் யோசனை நாகரிகமாக நின்றுவிட்டது.) போலந்திலிருந்து ஒருவர் 'எச்சரித்ததற்கு நன்றி' என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதை அச்செடுத்து மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

சில வாரங்கள் எல்லாம் அற்புதமாக நடந்தது. பாஸ் மகிழ்ச்சியாகப் பினாங்குக்குப் போனார். அங்கிருந்து அந்த வெள்ளிக்கிழமை போன் செய்து, தான் எதிர்பார்த்த ஒரு மெயில் வரவில்லை, குப்பையில் விழுந்திருக்கிறதா பார் என்றார். குப்பைப் பெட்டியை நான் அதுவரை திறந்ததே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

திறந்தேன். பாஸ் கேட்ட மெயில் அங்கே இல்லை. ஆனால் கிள்ளானில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வரிசையாகச் சில மெயில்கள் கிடந்தன. முதலாவது மிகவும் மரியாதையாக இருந்தது. 'உங்கள் முகவரியிலிருந்து எங்கள் மெயில் சர்வருக்கு இடைவிடாமல் அழைப்புகள் வருகின்றன. தயவுசெய்து கவனிக்கவும்.' அடுத்ததில் 'தயவுசெய்து' இல்லை. அதற்கும் அடுத்ததில் எங்கள் கம்பெனியின் பதிவு எண் இருந்தது. முந்தின நாள் வந்திருந்த கடைசி மெயில் இப்படி இருந்தது: 'உங்கள் தாக்குதலால் எங்கள் சர்வர் நிறைந்துவிட்டது. ஆய்வுக்கூட முடிவுகள் வார்டுகளுக்குப் போகவில்லை. நோயாளிகள் காத்திருக்கிறார்கள். காவல்துறையில் புகார் செய்யப் போகிறோம்.'

என் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம்.

என்ன நடந்திருக்கிறது என்பது அந்த நிமிடமே புரிந்தது. குப்பை அனுப்பும் எவனோ ஒருவன், அந்த மருத்துவமனையின் முகவரியைத் திருடி, அதன் பெயரில் மாத்திரை விளம்பரங்களைக் கொட்டியிருக்கிறான். மழை மாதிரி வந்து விழுந்த ஒவ்வொரு விளம்பரத்துக்கும் என் ஸ்கிரிப்ட் அந்த மருத்துவமனையின் கதவைப் போய்த் தட்டியிருக்கிறது. விளம்பரத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொய் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவன் அனுப்புநர் முகவரியில் மட்டும் உண்மை எழுதுவான் என்று நம்பி ஒரு முழு ஸ்கிரிப்டை எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரில் குப்பை வந்ததால், அவர்கள் எழுதிய உண்மையான புகார்களையும் நான் போட்ட வடிகட்டியே குப்பையில் தள்ளியிருக்கிறது.

ஸ்கிரிப்டை நிறுத்தினேன். அதற்கே இரண்டு தடவை தப்பாகத் தட்டச்சு செய்தேன். மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். வைத்துவிட்டேன். (அவர்களுக்கு இன்னொரு தொந்தரவான அழைப்பு.)

அன்று மாலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் மற்றவரிடம் ஏதோ சொன்னார். மற்றவரும் என்னைப் பார்த்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றபோதுதான், நான் இவ்வளவு நேரமும் மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கையில் உட்கார்ந்திருந்தேன் என்பது உறைத்தது. ஆனால் பயம் வந்தவளுக்கு விளக்கம் எல்லாம் காதில் ஏறாது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக என் மடிக்கணினியை ஒரு பையில் சுற்றி, அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

மறுநாள் காலை அம்மா அரிசி அளக்கப் போனார். டங் என்று சத்தம் கேட்டது.

"சுகன்யா! அரிசியில என்னடி இது?"

"தண்ணி பட்டுடுச்சும்மா. அரிசியில வச்சா காஞ்சிடும்னு சொன்னாங்க."

"அதுக்கு இவ்வளவு ஆழமா வைக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா போய்விட்டார். அப்பா ஒரு கல்யாணத்துக்காகப் பந்திங் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் கூடத்தில் உட்கார்ந்து, கணினிக் குற்றங்களுக்கு என்ன தண்டனை என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு, இப்படித் தேடுவதே ஒரு சாட்சியாகிவிடுமோ என்று பயந்து கைப்பேசியை அணைத்தேன்.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

இரும்புக் கதவுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார். ஒட்ட வெட்டிய முடி, பெரிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று கறுப்புச் சப்பாத்து, கையில் ஒரு ஃபைல். நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது, அரசாங்கச் சீருடையில் வெகுகாலம் நின்ற உடம்பு.

"சுகன்யாங்கறது...?"

"நான்தான் சார்."

"போர்ட் கிள்ளான்ல வேலையா? கம்ப்யூட்டர்ல?"

"ஆமா சார்."

"உங்களப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கச் சொன்னாங்க. அதான் வந்தேன். பயப்படாதீங்கம்மா. வீட்ல பெரியவங்க இருக்காங்களா? அவங்க முன்னால பேசினா நல்லது."

பயப்படாதீங்க என்று இப்படிப்பட்ட மீசையுள்ள ஒருவர் சொன்னால் வேறு என்ன செய்ய முடியும்? கதவைத் திறந்து அவரை உட்காரச் சொன்னேன். அவர் ஃபைலைப் பிரிப்பதற்குள் என் வாய் தானாகப் பிரிந்துகொண்டது.

"சார், நான் எதையும் திருடல சார். கதவைத் தட்டித்தான் பார்த்தேன். உள்ள போகல."

தண்ணீர் டம்ளரோடு வந்த அம்மா அப்படியே நின்றார். "யாரு கதவைடி?"

"ஆஸ்பத்திரிக் கதவைம்மா."

வந்தவர் ஃபைலை மூடினார். "எத்தனை தடவம்மா தட்டினீங்க?"

"கணக்கு தெரியல சார். ஆயிரக்கணக்குல இருக்கும்."

"பகல்லயா, ராத்திரியிலயா?"

"எல்லா நேரமும் சார். நான் தூங்கும்போதும் அது பாட்டுக்கு நடந்துகிட்டுத்தான் இருக்கும்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவசரமாக அவர் பக்கம் திரும்பி, "ஐயோ, இல்லீங்க. தூக்கத்துல நடக்கற வியாதியெல்லாம் எங்க குடும்பத்துல யாருக்குமே கிடையாதுங்க" என்றார்.

அம்மா எதற்கு என் குற்றத்தை விட்டுவிட்டு வியாதியைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. உண்மையை முழுதாகச் சொல்லிவிட்டால் தண்டனை குறையும் என்று எங்கோ படித்தது மட்டும் ஞாபகம் வந்தது.

"ஆஸ்பத்திரி மட்டும் இல்ல சார். ஜப்பான், பிரேசில், போலந்து... எல்லா இடத்துலயும் தட்டியிருக்கேன். திறந்திருந்தா அவங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கேன். போலந்துல ஒருத்தர் நன்றி கூடச் சொன்னாரு."

"பாஸ்போர்ட் இருக்கா?" என்றார் அவர் மெதுவாக.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கப் போகிறார்கள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. "வரேன் சார். எங்க வேணாலும் வரேன். விலங்கு மட்டும் வேணாம் சார். இந்த ஃப்ளாட்ல எல்லாரும் பாப்பாங்க."

"விலங்கா?" அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். "நான் பையனோட தாய்மாமன்மா. உங்க சொந்தக்காரங்க மூலமா ஜாதகம் வந்தது. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், பொண்ணு எப்படின்னு சும்மா விசாரிச்சிட்டுப் போலாம்னு..."

பூமி பிளந்து விழுங்காதா என்று எழுதுவார்களே, பிரிக்ஃபீல்ட்ஸில் அதற்கும் வழியில்லை. நாங்கள் இருந்தது ஏழாவது மாடி.

அவர் பெயர் முனியாண்டி. சிறைச்சாலையில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். (அந்த நிற்பு என்னை ஏமாற்றவில்லை. துறைதான் கொஞ்சம் மாறிவிட்டது.) எழுந்து ஓடாமல், அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி, முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சர்வர் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. போலீஸ் புகார் என்றதும் மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"கேஸ் ஆனாலும் ஆகலாம். ஆனா பொம்பளைங்க பகுதி தனி. சாப்பாடு பரவாயில்ல, மீன் போடுவாங்க. என்ன, தலையணைதான் கொஞ்சம் கட்டையா இருக்கும்."

எனக்குத் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா, யாரோ நோயாளிங்க காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு எழுதியிருந்தாங்கன்னு சொன்னீங்களே. அவங்க என்ன ஆனாங்க?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அழக்கூட முடியாமல் நின்றுவிட்டது என்று சொல்வதுதான் சரி. வெள்ளிக்கிழமை பிற்பகலிலிருந்து நான் போலீஸை நினைத்தேன், சிறையை நினைத்தேன், ஃப்ளாட்டில் எத்தனை பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அந்த மெயிலில் இருந்த நோயாளிகளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுக்காக யாரோ ஒருவர் படுத்தபடியே காத்திருந்திருப்பார். அந்த முடிவு வராமல் போனது என்னால்.

"தெரியல அங்கிள்" என்றேன். சார் எப்போது அங்கிள் ஆனார் என்று எனக்கே தெரியாது.

"அப்ப போய்க் கேட்போம். கீழ காடி நிக்குது."

அம்மா ஒரு டின் முறுக்கை எடுத்துக்கொண்டார். யாரையும் வெறுங்கையோடு போய்ப் பார்க்க அம்மாவுக்கு வராது, வழக்குத் தொடுக்கப் போகிறவர்களாக இருந்தாலும். கிள்ளான் வரை நான் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து, அந்த நோயாளி குழந்தையாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, பெரியவராக இருந்தால் பரவாயில்லையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. யாருமாகவும் இருக்கக் கூடாது என்று திருத்தி வேண்டினேன்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவு தரைத்தளத்துக்குக் கீழே, குளிர்ந்த சின்ன அறையில் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் புவான் ரொஹானா, ஒரு மலாய்ப் பெண்மணி. என்னைவிடச் சில வயது மூத்தவர். கண்ணுக்குக் கீழே கறுப்பு, மேசையில் குடிக்காமல் ஆறிப்போன தேநீர். மலாயில்தான் பேசினோம். நான் என் பெயரையும் கம்பெனி பெயரையும் சொன்னேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நீங்களா அது?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவின் கையிலிருந்த முறுக்கு டின்னைப் பார்த்தார். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அங்கிளைப் பார்த்து, "போலீஸோடயே வந்திருக்கீங்களா?" என்றார்.

"இல்ல, இவர் மாப்பிள்ளையோட மாமா" என்றேன். அது எதற்குமே விளக்கமாகவில்லை.

நான் படபடவென்று நடந்ததைச் சொன்னேன். குப்பை மெயிலை எதிர்த்துப் போராடியதைச் சொன்னேன். உங்கள் பெயரைத் திருடியவன் வேறொருவன் என்றேன். திறந்து கிடக்கும் கதவுகளைத் தேடி எச்சரிக்கத்தான் தட்டினேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரலில் பழைய அவதாரம் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் உங்களத் தட்டச் சொன்னேனா?"

"இல்ல."

"எங்க பேரைத் திருடினவனும் எங்களைக் கேட்கல. நீங்களும் கேட்கல. ரெண்டு பேரும் எங்கேருந்தோ வந்தீங்க. இங்க உக்காந்திருக்கற எனக்கு யார் திருடன், யார் காவல்காரன்னு எப்படித் தெரியும்? உண்மையைச் சொல்லட்டுமா? திருடன் எங்க சர்வரைத் தொடக்கூட இல்ல. நின்னுபோற வரைக்கும் தட்டினது நீங்கதான்."

எனக்குக் கேட்க ஒன்று மட்டும் இருந்தது.

"அந்த... முடிவுக்காகக் காத்திருந்தவங்க..."

அப்போது பார்த்து அவர் மேசையில் போன் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று எடுத்துவிட்டார். அவர் பேசியது ஏதோ ஒரு வார்டின் பிரிண்டர் பற்றி. மை தீர்ந்துவிட்டதா, தாள் மாட்டிக்கொண்டதா, பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே புரியும். அம்மாவின் கையும் சில்லிட்டிருந்தது. என் வாழ்க்கையில் வேறு எந்தப் பிரிண்டருக்காகவும் நான் அவ்வளவு மனமுருக வேண்டிக்கொண்டதில்லை.

அவர் போனை வைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"ஒரு அம்மா. ஆபரேஷனுக்குத் தயாராப் படுக்க வச்சிட்டாங்க. ரத்த முடிவு மெயில்ல வரல. டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். நான் ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, முடிவைத் தாள்ல வாங்கி, மாடி ஏறி ஓடிக் கொடுத்தேன். லிஃப்ட் வர்ற வரைக்கும் பொறுமை இல்ல. தாமதம் ஆச்சு. ஆனா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. நேத்து அவங்க கஞ்சியில உப்பு இல்லன்னு சத்தம் போட்டாங்களாம்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் உப்பில்லாத கஞ்சிக்காக ஒருவர் சத்தம் போடுகிறார் என்ற செய்தி என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

போலீஸில் புகார் கொடுத்தாயிற்றா என்று அங்கிள்தான் கேட்டார். "திங்கக்கிழமை போறதா இருந்தேன்" என்றார் ரொஹானா. முறுக்கு டின்னைத் திறந்து ஒன்றைக் கடித்தார். "நேர்ல வந்து சொன்னதால விடறேன். ஆனா சுகன்யா, நான் மட்டும்தானா? நீங்க தட்டின மத்தவங்க?"

நியாயமான கேள்வி. மனசாட்சியில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இன்று ஓரளவு மரியாதையோடு நடமாடிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். உருக்கமான கடிதம். 'உங்கள் அனுமதியின்றி உங்கள் சர்வரைச் சோதித்தேன். என் நோக்கம் நல்லதாக இருந்தாலும் வழி தவறு. இனிச் செய்யமாட்டேன்.' இதை ஆங்கிலத்தில் எழுதி, பிழை திருத்தி, என் ஸ்கிரிப்ட் அதுவரை தட்டிய அத்தனை சர்வர்களின் நிர்வாகிகளுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினேன். அனுப்பி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. வெளியே போய் ரொட்டிச் சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

உங்களில் யாருக்காவது இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு ரொட்டி சாப்பிட்டு முடித்த பிறகும் விளங்கவில்லை.

முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு, அவர்கள் கேட்காமல், ஒரே கடிதத்தை, ஒரே நேரத்தில் அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? அதை ஒழிக்கத்தானே நான் புறப்பட்டேன். மதியத்துக்குள் குப்பை அனுப்புகிறவர்களின் பெயர்களைத் தொகுத்து உலகத்துக்கெல்லாம் சொல்லும் பட்டியல்களில் எங்கள் கம்பெனியின் பெயர் ஏறிவிட்டது. எங்கள் மெயிலை யாரும் வாங்கவில்லை. கப்பல் கம்பெனி வாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் வாங்கவில்லை. பினாங்கிலிருந்து திரும்பி வந்த பாஸ் தன் சொந்த மனைவிக்கு அனுப்பிய மெயில்கூடத் திரும்பி வந்தது.

"சுகன்யா, குப்பைய நிறுத்தச் சொல்லித்தானே உன்கிட்ட குடுத்தேன்?"

"ஆமா பாஸ்."

"இப்ப நாமதான் குப்பையா?"

"ஆமா பாஸ்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கள் பெயர் மறுபடி சுத்தமாகும் வரை, மெயிலில் போக வேண்டிய ஒவ்வொரு தாளையும் நானே கம்பெனி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கொளுத்தும் வெயிலில், கொள்கலன் ஏற்றிய லோரிகளுக்கு நடுவில், போர்ட் கிள்ளானில் இருந்த ஒவ்வொரு கப்பல் கம்பெனியின் வாசலிலும் போய் நின்றேன். ஒவ்வொரு லோரியும் உரசிக்கொண்டு போகும்போது எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். மிச்ச நேரத்தில், 'நான் குப்பை அனுப்புகிறவள் இல்லை' என்று பட்டியல்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். குப்பை அனுப்புகிற எல்லோரும் அதே வாக்கியத்தைத்தான் எழுதுவார்களாம். ரொஹானாவுக்கு இது தெரிய வந்தபோது போனிலேயே "அலாமாக்!" என்று அலறினார். பிறகு அவர்தான் எனக்காக இரண்டு இடங்களில் பரிந்து எழுதினார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, வரிசையாக, மனிதர்களிடம் பேசுவது போலப் பேசுவதுதான் வழி என்றும் சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோயிருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அம்மா துக்கமே கொண்டாடிவிட்டார். ஆனால் முனியாண்டி அங்கிள் வீட்டுக்குப் போய்ச் சொன்னது வேறு. "ஆயுசு பூரா சிறையில வேலை பாத்தேன். உள்ள வந்தவன் ஒருத்தன்கூட, நான்தான் செஞ்சேன்னு சொன்னதில்ல. இந்தப் பொண்ணு நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டா. இவளைக் கட்டினா உனக்குப் புலன் விசாரணையே தேவையில்ல." இதைக் கேட்டுத்தான் என் கணவர் பெண் பார்க்க வந்தார். இன்றுவரை அவருக்குப் புலன் விசாரணை தேவைப்படவில்லை என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் எழுத்தில் மன்னிப்புக் கேட்கக் கூடாது. என் மகள் தட்டை உடைத்தாலும், "சாரிம்மா, உனக்கு மட்டும்தான் சொல்றேன், வேற யாருக்கும் அனுப்பல" என்பாள். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அவள் அப்பா.

போன தீபாவளிக்குக் கிள்ளானில் அங்கிள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு; யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். புதிதாக அந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த ஒருவர் என் எதிரே உட்கார்ந்து தோசையும் ரெண்டாங் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் என் தோளைத் தட்டி, "இவங்கதான் எங்க வீட்டு மருமக. உலகம் முழுக்க மன்னிப்புக் கேட்டவங்க" என்று பெருமையாக அறிமுகம் செய்தார்.

"அப்படியா? என்ன பண்ணாங்க?" என்றார் அவர், வாயில் தோசையோடு.

நான் சர்வர் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். அங்கிளுக்குப் பொறுமை இல்லை. "கம்ப்யூட்டர் வழியா ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்துட்டாங்க. ரத்தத்தை மடக்கிட்டாங்க. போலீஸ் தேடிச்சு. நான்தான் போய்ப் பேசி விடுவிச்சேன்" என்றார்.

"அங்கிள், நான் உள்ள புகவே இல்ல" என்றேன்.

புதியவர் தலையாட்டினார். சிரிக்கவும் செய்தார். பிறகு, மேசை மேல் வைத்திருந்த தன் கைப்பேசியை நைசாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.